தொ

பிறப்புப் படிவத்தில் அந்தப் பெயரை
நான்தான் எழுதினேன்.
தொபியாஷ்.
நீலப் பேனா. ஆஸ்பத்திரி ஜன்னலில் பனி.
எடுத்த எடுப்பிலேயே நாக்கு
பல்லில் போய் முட்டவேண்டிய பெயர் என்று
அப்போது யார் கண்டார்கள்.

நாலரை வயதில்,
பூங்கா மணலில் ஒரு சிறுமி கேட்டாள்,
உன் பேர் என்ன?
தொ என்றான்.
தொ, தொ என்றான்.
பிறகு ஒன்றுமே இல்லை.
வாய் மட்டும் திறந்திருந்தது.
சத்தம் திக்குத் தெரியாமல்
தொண்டையிலேயே நின்றது.
சிறுமி வாளியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.
ஓலெக், என்றான் என் மகன்.
எண்ணெய் போட்டதுபோல வந்தது.

விளக்கேற்றும் நேரம் வரை
ஓலெக்காகவே விளையாடினான்.
கட்டிய கோட்டைக்கும் ஓலெக் கோட்டை என்றே பெயர்.
திரும்பும் வழியில் கையைப் பிடித்துக்கொண்டேன்,
எந்தப் பெயரையும் சொல்லாமல்.

கதான்ஸ்கில் டிராம் ஓட்டுகிறேன்.
நிறுத்தத்துக்கு ஒன்பது நொடி கதவு திறக்கலாம்.
தாமதமானால் கண்ணாடிக்குக் கீழே
சிவப்பில் ஓர் எண் எரியும்.
அந்த எண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன்போல.
‘ப’ என்பான்.
பாலா, பந்தா, படக்கதையா,
அவனுக்கு முன்னால் ஓடிப்போய்
அடுத்த நிறுத்தத்தில் நிற்பேன்.
பசிக்கவில்லை என்று சொல்ல வந்திருப்பான்.
மெதுவாச் சொல்லு. மூச்சை இழுத்து விடு.
முதலிலிருந்து சொல்லு.
உதவி என்று நினைத்தேன்.

மல்வீனா என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர்,
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
கம்பளிக் காலுறையோடு தரையில் உட்கார்ந்து
நாங்கள் விளையாடியதைப் படம் பிடித்தாள்.
ஓடவிட்டு, நீங்களே எண்ணுங்கள் என்றாள்.
நாலு நிமிடத்தில் முப்பத்தொரு கேள்வி கேட்டிருந்தேன்.
ஆறுக்குப் பதில் வந்திருந்தது.
அவனை இப்போதைக்கு விடுவோம், என்றாள்,
உங்களுக்கு என்ன அவசரம்?

வீட்டுப்பாடம் எனக்குத்தான்.
தினம் ஐந்து நிமிடம்.
கேட்காதே, திருத்தாதே, முடித்துவைக்காதே.
அவன் சொல்லி முடித்தபின்னும்
ஒரு மூச்சு பொறு.
எல்லாம் சரி, முகத்தை என்ன செய்வது?
சிரித்தால் கேலியாகிவிடுமோ,
சிரிக்காவிட்டால் கவலையாகிவிடுமோ.
முதல் நாள் தோற்றேன்.
மூன்றாம் நாளும்.
எட்டாம் நாள் வேலையில் யாரோ திட்டியதை
அவன்மேல் கொட்டினேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு ஒரு வியாழன்.
சமையலறை நாற்காலிகள் நாலும் டிராம்.
கரண்டி கைப்பிடி.
நான் கூடையோடு பயணி.
அ-அ-அடுத்த நிறுத்தம் க-கடற்கரை, என்றான்.
அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கியது.
யாத்விகா எங்களுக்கு நடுவே வராமல்
சுவரோரமாய்ச் சுற்றிப் போய் அணைத்தாள்.
இந்த வண்டியை ஓட்டுவது, என்றான் அவன்.
நான் கேட்கவில்லை. அவனே ஆரம்பித்தான்.
தொ.
கழுத்தில் அந்த நரம்பு.
தொ, தொ.
உதட்டைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தேன்.
நாக்கின் நுனியில் அவன் பெயர் எனக்குத் தயாராக இருந்தது,
நான் வைத்த பெயர்தானே.
விழுங்கினேன்.
ஒன்பது நொடி. பதினைந்து.
எங்கோ ஒரு சிவப்பு எண் எரிந்துகொண்டிருக்கும்,
எரியட்டும்.

தொ. பி. யாஷ்.
மூன்று பெட்டியாக வந்து சேர்ந்தது.

ஒரு மூச்சு பொறுத்தேன்.
அதற்குள் அவனே சொன்னான்,
ஓலெக்கும் இருக்கான். அவன் டிக்கெட் பரிசோதகர்.
மளிகைக்கடை ரசீதை எடுத்து நீட்டினேன்.
செல்லாது, என்றார் ஓலெக், படபடவென்று.
ப-ப-ப-
பரவாயில்லை ஏறுங்க என்று சொல்ல
தொபியாஷுக்கு நேரம் பிடித்தது.
அதுவரை கதவு திறந்தே இருந்தது.